முனையத்தில் முதல் அடிகள்
உபுண்டு இயங்குதளத்தில் கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையம் திறக்கும். டாலர் குறியை அடுத்துக் கர்சர் கண்சிமிட்டினால், அது கட்டளைக்குக் காத்திருக்கிறது என்று பொருள். பி, டபிள்யூ, டி என்று சிற்றெழுத்துகளில் தட்டி என்டரை அழுத்தினால் நீங்கள் இருக்கும் கோப்புறையின் முழு முகவரியும், எல், எஸ் என்று தட்டினால் அதிலுள்ள கோப்புகளும் தெரியும்.

புதுச்சேரியில் என் வீட்டுக் கணினியில் ‘கடலூர் படங்கள்’ என்ற கோப்புறைக்குள் சி, டி கட்டளையால் நுழைய முயன்றபோது, பெயரின் நடுவே இருந்த இடைவெளியால் அதை இரு பெயர்களாகக் கருதிய முனையம் பிழைச்செய்தியையே காட்டியது. பெயரை மேற்கோள் குறிக்குள் இட்ட பிறகுதான் வழிவிட்டது. முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், இந்தத் தொல்லையே இல்லாமல் மீதியை அதுவே நிரப்பிவிடும்.

ஆர், எம் கட்டளையில் மட்டும் நிதானம் தேவை: அது அழிக்கும் கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை.