ஜாஸ் கிதார் மாணவருக்கு முதலில் எதைக் கற்பிப்பது?

மேடையில் வாசித்துக்கொண்டே பாடமும் நடத்துகிறவன் நான். வருகிற மாணவர்களில் பெரும்பாலோர் வேகமான தனி வாசிப்பையே கேட்கிறார்கள். நான் பக்கவாத்தியத்தில்தான் தொடங்குவேன். குழுவில் கிதார் கலைஞருக்கு அதிக நேரம் அந்த வேலைதான். அடுத்த அழைப்பு வருவதும் அதனால்தான்.

ஆறு தந்தியையும் அமுக்கும் பெரிய கார்டுகளை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகளை) ஒதுக்குங்கள். கார்டின் மூலச் சுரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் போதும். டி மைனர் 7 என்ற கார்டுக்கு நான்காம் தந்தியில் 3ஆம் கட்டம் (ஃபிரெட்), மூன்றாம் தந்தியில் 5ஆம் கட்டம். ஜி 7-க்கு மூன்றாம் தந்தி விரலை மட்டும் 4ஆம் கட்டத்துக்கு இறக்குங்கள். சி மேஜர் 7-க்கு நான்காம் தந்தி விரல் 2ஆம் கட்டத்துக்கு வரட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே ஒரு விரல் நகர்கிறது! இதைக் காதால் உணர்ந்த மாணவருக்குக் கார்டு அகராதி தேவைப்படாது. மூலச் சுரத்தை பாஸ் வாசிப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

தாளத்தை ஒலித்துக் காட்டும் மெட்ரோனோம் கருவியை, நான்கு தட்டில் 2, 4ஆம் தட்டுகளில் மட்டும் ஒலிக்கவிடுங்கள். முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

பிறகு அமெரிக்க ஜாஸ் குழுவான கவுன்ட் பேசி குழுவின் பதிவுகளில் கிதார் கலைஞர் ஃபிரெடி கிரீனைத் தேடிக் கேட்கச் சொல்லுங்கள். 1937 முதல் 1987 வரை அங்கே தாளம் பிடித்தவர். தனி வாசிப்பு மிக அரிது. தட்டுக்கு ஒரு வீச்சு, அவ்வளவுதான்.

தனி வாசிப்பைப் பாடிக் காட்டிய பிறகே விரலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். குரல் நன்றாக இல்லை என்ற சாக்கை நான் ஏற்பதில்லை.