போகும்போது ஏ சைடு, வரும்போது பி சைடு: வருடத்தின் பத்து ஆல்பங்களை எடுக்கும் முறை

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார். 60 கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். ஆறேழு பாட்டுக்கு மேல் ஏறாது. இருபது பாட்டு எழுதிக்கொண்டு வருபவரிடம் அப்பா ஒன்றுதான் கேட்பார்: "இதுல எதைப்பா நாளைக்கும் கேப்பே?" அந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒவ்வொரு வருடமும் என் பத்து ஆல்பங்களை எடுக்கிறேன்.

ஞாபகத்தை நம்பிப் பட்டியல் போடாதீர்கள். வருடக் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால், கடைசியாகக் கேட்டதுதான் முதலில் நினைவுக்கு வரும். 2019-இல் நான் அப்படித்தான் போட்டேன். பிறகு சரிபார்த்தால் பத்தில் ஏழு ஆகஸ்டுக்குப் பிறகு வந்தவை. மாதக்கணக்கில் விடாமல் கேட்டிருந்த 'தெருக்குரல்', ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த ஆல்பம், அதில் இல்லவே இல்லை. மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அதிலிருந்து நோட்டுப் போடுகிறேன்.

நோட்டை டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி அடுத்த நவம்பர் 30-இல் முடியுங்கள். டிசம்பரில் வருகிற ஆல்பம் மனதில் ஊற நாள் போதாது, அதை அடுத்த வருடத்தில் சேர்ப்பதுதான் நியாயம். ஒரு ஆல்பத்துக்கு ஒரு வரி: பெயர், இசையமைத்தவர், வெளியான தேதி. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை தாண்டாமல் கேட்டால் மட்டும் வரியின் ஓரத்தில் ஒரு கோடு. ஒரே பாட்டை நாற்பது முறை கேட்டிருந்தாலும் கோடு கிடையாது. அந்த மாதிரிப் பாட்டுகளுக்கு நோட்டின் பின்பக்கம் இருக்கிறது. 2021-இல் என் பின்பக்கத்தின் முதல் வரி 'என்ஜாய் எஞ்சாமி'. எங்கள் தெருவில் அது ஒலிக்காத வீடில்லை, ஆனாலும் தனிப்பாடல் தனிப்பாடல்தான்.

சினிமா ஆல்பத்தை ஒதுக்க வேண்டாம். சந்தோஷ் நாராயணன் இசையில் 2018-இல் வந்த 'வட சென்னை'யில் காதல் பாட்டும் கானாவும் மாறி மாறி வரும். மொத்தமாகக் கேட்டால்தான் அந்த ஓட்டம் பிடிபடும். இப்போதெல்லாம் பாட்டுகள் ஒன்றொன்றாக முன்கூட்டியே வந்துவிடுகின்றன. முழுத் தொகுப்பு வந்த நாளையே கணக்கில் எடுங்கள்.

கானாவுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் காசிமேட்டிலும் கானா பாடுகிறவர்கள் ஆல்பம் என்று போடுவது அபூர்வம். சாவு வீட்டில் விடிய விடியப் பாடி வளர்ந்த பாட்டு அது. இப்போது சின்ன ஸ்டூடியோவில் பதிந்து ஒவ்வொன்றாக யூடியூபில் ஏற்றுகிறார்கள். ஆல்பம் இல்லை என்று இவர்களை விட்டுவிட்டால் எங்கள் பேட்டையின் பாட்டே பட்டியலில் இருக்காது, அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதனால் ஒரு பாடகர் அந்த வருடம் குறைந்தது ஆறு பாட்டு ஏற்றியிருந்தால், ஏற்றிய தேதி வரிசையிலேயே அவற்றை ஒரு பிளேலிஸ்டாகக் கட்டுகிறேன். நமக்குப் பிடித்த மாதிரி வரிசையை மாற்றக் கூடாது. பொங்கல் சமயத்தில் டோலக்கும் கைத்தாளமுமாகப் பாடியவர் ஆடி மாதத்தில் கீபோர்டுக்கு மாறியிருப்பார். நடுவில் ஒரு நண்பனுக்காகப் பாடியதில் குரல் கம்மியிருக்கும். தேதி வரிசையில் கேட்டால் ஒரு மனிதனின் வருடமே காதில் விழும். தொகுப்புக்கு நாமாகத் தலைப்பு வைக்க வேண்டாம், பாடகர் பெயரும் வருடமும் போதும். அப்புறம், மரண கானாவில் இறந்தவரின் பெயர் பாட்டிலேயே வரும். அதை வேலை செய்துகொண்டே கேட்காமல், உட்கார்ந்து கேளுங்கள்.

கேட்க நேரம்? எனக்கு மெட்ரோ. திருவொற்றியூர் தேரடியில் ஏறி உயர் நீதிமன்றத்தில் இறங்குகிறேன். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதும் வேலை. ஒரு வழிக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கம். ஆல்பத்தைப் பாதியாகப் பிரித்து, காலையில் போகும்போது ஏ சைடு, சாயந்திரம் வரும்போது பி சைடு. தண்டையார்பேட்டைக்குள் ரயில் சுரங்கத்தில் இறங்கிவிடும், அதனால் முந்தின ராத்திரியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

ஹெட்போனில் ஒரு முறை கேட்டால் அடுத்த முறை பெரிய ஸ்பீக்கரில் கேளுங்கள். போன் ஸ்பீக்கர் உதவாது. அவ்வளவு சின்னதில் அடியொலி வராது, பறை தகரம் தட்டுவதுபோல் ஆகிவிடும். அப்பா கடையிலிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு ஜோடி மரப்பெட்டி ஸ்பீக்கர். 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி'யை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில்தான் போட்டேன். அறிவு தன் பாட்டியின் பெயரைத் தலைப்பில் வைத்த ஆல்பம் அது. மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார், முடியும்வரை எழுந்திருக்கவில்லை. வீட்டில் ஒருவர் கை வேலையை நிறுத்திக் கேட்டால் நோட்டில் ஒரு சுழி போடுங்கள். என் கணக்கில் ஒரு சுழி மூன்று கோட்டுக்குச் சமம்.

நவம்பர் முடிந்ததும் கோடுகளைக் கூட்டுங்கள். ஜனவரியில் வந்த ஆல்பத்துக்குக் கோடு சேர நாள் நிறைய, அக்டோபரில் வந்ததற்குக் குறைவு. எனவே வந்து எத்தனை மாதமானதோ அந்த எண்ணால் வகுத்துவிடுங்கள். பத்து மாதத்தில் பத்து கோடு என்பதைவிட இரண்டு மாதத்தில் ஐந்து பெரிது. ஸ்பாட்டிஃபை டிசம்பரில் காட்டும் கணக்கை நான் எடுப்பதில்லை, என் போனில் அக்கா மகன் போட்டதெல்லாம் அதில் கலந்திருக்கும். முன்னால் நிற்கும் பதினைந்தை மட்டும் டிசம்பரில் இன்னொரு முறை முழுதாகக் கேளுங்கள். ஒவ்வொன்றும் முடிந்த நிமிடத்தில் அப்பாவின் கேள்வியைக் கேட்டு ஐந்தைக் கழித்துவிடுங்கள். இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு வாரம் ஆகிறது. அவசரப்படாதீர்கள்.

பத்துக்கும் இரண்டிரண்டு வரி எழுதுங்கள். 'சூப்பர்', 'வேற லெவல்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம், அங்கே என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். 'நாலாவது பாட்டில் டோலக் நின்றுபோய் இரண்டு வரி குரல் மட்டும் வரும்' என்று இருந்தால் படிப்பவர் நேராக அங்கே போய்க் கேட்பார். அப்படி ஒரு இடத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை என்றால், அந்த ஆல்பத்தை எடுத்துவிட்டுப் பதினொன்றாவதை உள்ளே கொண்டுவாருங்கள்.

டிசம்பர் 31 ராத்திரி, முதலிடம் பிடித்த ஆல்பத்தைக் காசிமேட்டில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் எல்லோரும் சேர்ந்து கேட்போம். அதற்கு நேரம் கணக்கிட்டுப் போட வேண்டும். ஆல்பம் 48 நிமிடம் என்றால் 11 மணி 10 நிமிடத்துக்குத் தொடங்குங்கள், தாமதிக்காதீர்கள். சரியாகப் பன்னிரண்டுக்குத் துறைமுகத்துக் கப்பல்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடும். கடைசிப் பாட்டு அதற்குள் முடிந்திருக்க வேண்டும்.