கேட்க மனசுள்ளவங்கள எப்படி கண்டுபிடிக்கிறது, எப்படி பேசுறது

இயேசுவ பத்தி மத்தவங்களுக்கு சொல்ற ஊழியம்னாலே பஸ் ஸ்டாண்டுல நின்னு வர்றவங்க போறவங்க கையில எல்லாம் துண்டுப்பிரதி குடுக்கிறதுதான் நம்மள்ல நிறைய பேருக்கு தெரிஞ்ச வழி, அது தப்புன்னு சொல்லல, ஆனா கேட்க ஆசையா இருக்கிற ஆள் நம்ம தெருவுலயே இருப்பாங்க, அவங்கள நாம பாக்கிறதே இல்ல. பைபிள்ல லூக்கா 10வது அதிகாரத்துல இயேசு எழுபது சீஷர்கள அனுப்புறப்ப என்ன சொன்னார், வீட்டுக்குள்ள போனதும் சமாதானம் சொல்லுங்க, சமாதான பாத்திரன், அதாவது அந்த சமாதானத்த ஏத்துக்கிற மனசுள்ளவர், அங்க இருந்தா அந்த வீட்டுலயே தங்கி குடுக்கிறத சாப்பிடுங்க, வீட்டுக்குவீடு போகாதீங்கன்னுதான.

அப்படிப்பட்ட ஆள் யாருன்னு எப்படி தெரியும்? பெரும்பாலும் அவங்களே வந்து கேப்பாங்க. "அம்மாவுக்கு ஆபரேஷன், கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கோங்க அக்கா"னு சொல்றவங்க, வருஷா வருஷம் வேளாங்கண்ணி திருவிழாவுக்கு போயிட்டு வர்ற இந்து குடும்பங்க, இவங்களுக்கெல்லாம் இயேசு புதுசில்ல, ஆனா அவர் யாரு என்ன சொன்னார்னு யாரும் உக்காந்து பேசினதில்ல.

ஜெபம் கேட்டா உடனே பிரசங்கத்த ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ். என்ன கஷ்டம்னு முழுசா கேளுங்க, இப்பவே ஜெபிக்கட்டுமான்னு கேட்டு, சரின்னா அவங்க பேர சொல்லி சின்னதா ஜெபிங்க, நாலு நாள் கழிச்சு அம்மா எப்படி இருக்காங்கன்னு போய் விசாரிங்க. நிறைய பேர் இந்த ரெண்டாவது தடவ போறதே இல்ல, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

பைபிள்ல அப்போஸ்தலர் 8வது அதிகாரத்துல பிலிப்புங்கிற ஊழியக்காரர் பண்ணத பாருங்க, எத்தியோப்பிய மந்திரி ரதத்துல உக்காந்து ஏசாயா தீர்க்கதரிசியோட புஸ்தகத்த வாசிச்சிட்டு இருக்கார், பிலிப்பு போய் வாசிக்கிறது புரியுதான்னு ஒரு கேள்விதான் கேட்டார், அந்த மந்திரி கூப்பிட்ட பிறகுதான் ரதத்துல ஏறி உக்காந்தார், அவர் வாசிச்ச இடத்துல இருந்தேதான் பேச்ச ஆரம்பிச்சார். நாமளும் அவங்க கேட்ட கேள்வியில இருந்தே ஆரம்பிக்கலாம். இன்னும் தெரிஞ்சுக்கணும்னு சொன்னா மாற்கு சுவிசேஷம் குடுங்க, 16 அதிகாரம்தான், வாரம் ஒரு பகுதி அவங்களையே வாசிக்க விட்டு, இதுல இயேசு எப்படிப்பட்டவரா தெரியுறார்னு கேட்டுட்டு நீங்க சும்மா இருங்க.

அவங்க சாமிய பத்தி ஒரு வார்த்த தப்பா பேசக்கூடாது. அப்போஸ்தலன் பவுல் எபேசுங்கிற ஊர்ல ரெண்டு வருஷத்துக்கு மேல ஊழியம் செஞ்சார், அங்க கலவரம் வந்தப்ப இவங்க உங்க தேவிய தூஷிக்கிறவங்க இல்லன்னு அந்த ஊர் அதிகாரியே சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19:37), நம்மள பத்தி பக்கத்து வீட்டுக்காரங்க அப்படி சொல்லுவாங்களா?

பணம், வேலை, ஸ்கூல் சீட்டுன்னு எதையும் இதோட சேக்காதீங்க. அரசியல் சட்டம் 25வது பிரிவு விசுவாசத்த பரப்ப உரிமை குடுக்குது, ஆனா ஆச காட்டியோ பயமுறுத்தியோ மாத்துறதுக்கு இல்ல, அது சட்டத்துக்கு முன்னாடி ஆண்டவருக்கே பிடிக்காது. பொம்பளைங்ககிட்ட பேச சகோதரிங்களே போகட்டும், ராத்திரி வாட்ஸ்அப்ல தனியா மெசேஜ் அனுப்புற பழக்கமே வேண்டாம். ஞானஸ்நானத்துக்கும் அவசரப்படுத்தாதீங்க, மொதல்ல வீட்டுல பேசட்டும், அவங்க அப்பா அம்மா கேட்டா நீங்களும் போய் பேசுங்க.

வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா அதோட அந்த பேச்ச விட்டுடுங்க, ஆனா அவங்க வீட்டு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எப்பவும் போல போங்க.