சின்ன டேங்க்ல மறுபடி மீன் விடப்போறீங்களா?

நம்ம மதுரைப் பக்கம் நெறைய எடத்துல போர் தண்ணி உப்பாத்தான் இருக்கும், அதுக்கு கப்பி, மோலி, பிளாட்டி மூணும் செட் ஆகும், ஒண்ணுக்கொண்ணு பெருசா சண்டையும் போடாது. நியான் டெட்ரா அழகுதான், ஆனா இந்தத் தண்ணி அதுக்கு ஒத்துக்காது. கோல்டு ஃபிஷ் வேணாம், அது குளுந்த தண்ணி கேக்கும், கழிவும் ஜாஸ்தி. கலரா இருக்கேன்னு நான் ஒருவாட்டி டைகர் பார்ப் ரெண்டு வாங்கி விட்டு, மறுநாள் பாத்தா கப்பி வாலெல்லாம் கந்தலாக் கெடக்கு, பாவம். கப்பி, மோலி, பிளாட்டி எது வாங்குனாலும் ஒரு ஆணுக்கு ரெண்டு மூணு பொட்டைன்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா ஆண் மீன் பொட்டையத் தொரத்தியே ஒருவழி பண்ணிரும். மொத்தமா விடாம வாரத்துக்கு ரெண்டு மூணா விடுங்க. கார்ப்பரேஷன் தண்ணின்னா குளோரின் போக ஒருநாள் வாளில தெறந்து வச்சிருங்க. வாங்கிட்டு வந்த கவரை 20 நிமிஷம் டேங்க்ல மெதக்கவிட்டு அப்புறம் மீனை மட்டும் உள்ள விடுங்க, கடைத் தண்ணிய ஊத்தாதீங்க.