வானம் வெளுத்ததும் கிளம்பாதீர்கள்

ஜனவரியில் செண்டுவாரை எஸ்டேட் பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். 'எங்க மூணாறு காஷ்மீர் ஆயிடுச்சு' என்று படம் போடுகிற பிள்ளைகள்தான் அடுத்து இமயமலைக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். கொழுக்குமலையும் மீசைப்புலிமலையும் ஏறி இறங்கிய கால்கள். மூச்சுக்கும் முட்டிக்கும் குறையில்லை. ஆனால் 2,640 மீட்டர் மீசைப்புலிமலையில் பார்த்த உறைபனி காலில் மிதிபடும், அவ்வளவுதான். இமயமலையில் பனிச்சரிவு வந்தால் சரிவில் கிடக்கும் பனி மொத்தமும் ஆளோடு கீழே இறங்கும். ஷூ, கையுறை, ஜாக்கெட் பற்றி யூடியூபில் வேண்டிய மட்டும் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். பனிச்சரிவில் சிக்கவைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பனி நின்ற மறுநாளே கிளம்புவது

இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. இரண்டு நாள் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்தபின் வானம் நீலமாகத் திறக்கும். மழை விட்டால் காட்டுக்குள் இறங்குகிற நம் ஊர்ப் பழக்கம் உடனே தலைதூக்கும். பனிச்சரிவு அதிகம் நடப்பதே பனி கொட்டும்போதும், நின்ற அடுத்த ஒன்றிரண்டு நாளிலும்தான். பழைய பனியின் மேல் புதுப் பாரம் ஏறியிருக்கிறது. அடியில் உள்ள அடுக்கு அதைத் தாங்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. நடுவில் தெளிந்த குளிர் இரவுகள் வந்திருந்தால் அந்த அடுக்கு சீனி மாதிரி பிடிப்பில்லாமல் உதிரும். அதன் மேல் பலகை மாதிரி இறுகிய பனி அடுக்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு ஆள் மிதித்தால் போதும், முழுப் பலகையும் வழுக்கும். சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள்.

உத்தராகண்டில் ஒரு கணவாயின் அடியில், போடிப் பையன்கள் சிலர் உள்ளூர்க் கைடிடம் மல்லுக்கு நின்றார்கள். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. நாளைக் கழிச்சு டெல்லியில ரயில்." கைடு அசையவில்லை, நானும் சொல்லவில்லை. மத்தியானம் வெயில் ஏறியதும் எதிர்ச்சரிவு பாதி கழன்று ஓடைக்குள் இறங்கியது. அதற்கும் ஒருவன் சொன்னான்: "நம்ம வழி அது இல்லையேண்ணே." நம்ம வழியும் அதே சாய்வு, அதே திசை, தம்பி!

சாய்வு 30 முதல் 45 பாகை வரை இருந்தால் ஆபத்து. கைபேசியிலேயே அளக்கலாம். நீங்கள் நடப்பது சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேல் அப்படியொரு சரிவு தொங்கினால் அதுவும் கணக்கில் சேரும். பனியே பெய்யாத நாளிலும் காற்று முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவித்துவிடும். அந்த மறைவுப் பக்கம்தான் அமைதியாகத் தெரியும், ஆட்கள் ஒதுங்குவதும் அங்கேதான்.

டிசம்பர், ஜனவரியில்தான் ஆபத்து என்று நினைப்பது

2022 அக்டோபர் 4-ஆம் தேதி, உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா சிகரம். உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கி 27 உடல்கள் மீட்கப்பட்டன. பயிற்சி எடுத்தவர்கள், அதுவும் குளிர்காலம் தொடங்குமுன்.

முன்னால் போனவர் தடத்தை நம்புவது

பத்துப் பேர் கடந்த இடத்தில் பதினோராவது ஆளுக்குக் கழன்றதுண்டு.

கூட்டமாகக் கடப்பது

ஒவ்வொருவராகப் போங்கள். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பாருங்கள்.

சத்தம் போட்டால் சரியும் என்று கிசுகிசுப்பது

சினிமா. குரலால் சரியாது, பாரத்தால் சரியும். பனிதான் சத்தம் போடும்: காலடியில் 'வும்' என்று அமுங்கினாலோ விரிசல் ஓடினாலோ வந்த வழியே திரும்புங்கள்.

கருவியை வாங்கிப் பைக்குள் வைப்பது

புதைந்தவருக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நல்ல வாய்ப்பு. அதற்குள் ஹெலிகாப்டர் வராது, பக்கத்தில் நிற்கிறவர்தான் தோண்ட வேண்டும். ட்ரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தை சிக்னலால் காட்டும் கருவி), குத்திப் பார்க்கும் நீளக்கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். இறுகிய பனியைக் கையால் தோண்ட முடியாது. கிளம்புமுன் ட்ரான்ஸீவர் ஒன்றை எஸ்டேட் மைதானத்தில் யாரையாவது ஒளித்து வைக்கச் சொல்லி, கடிகாரம் பார்த்துத் தேடிப் பழகுங்கள்.