429 கோடியைத் தாளில் உடைப்பது எப்படி?

பெரிய எண் ஒன்றைக் கொடுத்துப் பகா எண்ணா என்று கேட்டால், என் மாணவர்கள் உடனே வகுக்க உட்கார்ந்துவிடுவார்கள். பொறுங்கள் என்பேன். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

4,29,49,67,297-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இது. 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்தது. முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசை முழுவதுமே அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார்.

எளிய சோதனைகளை முடித்துவிடுங்கள். ஒற்றைப்படை எண், கடைசி இலக்கம் 7, இலக்கங்களின் கூடுதல் 59. ஆக 2, 3, 5 மூன்றும் இதை வகுக்காது. இப்படியே போனால் வர்க்கமூலமான 65,536 வரை மொத்தம் 6,542 பகா எண்கள் காத்திருக்கின்றன. ஆயுள் போதாது!

இங்கேதான் பிறப்பு உதவுகிறது. p என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். 2-இன் 32-ஆம் அடுக்கை p-ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது p-இன் மடங்குக்கு ஒன்று குறைவு. அதை வர்க்கப்படுத்தினால், 64-ஆம் அடுக்கில் மீதி 1. அதற்கு முன் எந்த அடுக்கிலும் 1 வராது; பிறகும் 64-இன் மடங்கான அடுக்குகளில் மட்டுமே வரும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி p−1 ஆம் அடுக்கிலும் மீதி 1 வர வேண்டும். ஆகவே p−1 என்பது 64-இன் மடங்கு. பின்னாளில் லூகாஸ் என்ற கணிதவியலாளர் இதை 128-இன் மடங்கு என்று இன்னும் இறுக்கினார்.

128-இன் மடங்குகளோடு 1 கூட்டுங்கள்: 129, 257, 385, 513, 641. இவற்றில் பகா எண்கள் 257, 641 இரண்டுதான். 2-இன் 8-ஆம் அடுக்கை 257-ஆல் வகுத்தால் மீதி −1. 32-ஆம் அடுக்கில் 1. நம் எண்ணுக்கு மீதி 2. அது போயிற்று. மிஞ்சிய 641-ஆல் நீங்களே வகுத்துப் பாருங்கள்: ஈவு 67,00,417, மீதி பூச்சியம். 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் கண்டது இதைத்தான். கணிதத்தில் எனக்கு இதைவிடப் பிடித்த வகுத்தல் கணக்கு இல்லை.

வகுக்காமலே சரிபார்க்கவும் வழி உண்டு. 641 = 5×128 + 1. அதுவே 625 + 16-உம் ஆகும். முதலாவதன்படி 5×128-க்கு மீதி −1; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2-இன் 28-ஆம் அடுக்குக்கு மீதி 1. இரண்டாவதன்படி 625-க்குப் பதில் −16 போடலாம். 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1 என்று வந்து நிற்கும்.

67,00,417 இன்னும் உடையுமா? அதன் வர்க்கமூலம் 2,588-ஐ ஒட்டியது. இதை வகுக்கும் பகா எண் நம் முதல் எண்ணையும் வகுக்கும் என்பதால், அதற்குள் அதே வடிவில் (128-இன் மடங்கோடு 1) சோதிக்க வேண்டியவை 641, 769, 1153, 1409 மட்டுமே. 257-ஐ ஏற்கெனவே நீக்கிவிட்டோம். மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை, அது பகா எண்.