மணற்குன்று கோல்ஃப் திடலுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மரினா பே திடல் 2024இல் மூடப்பட்டதிலிருந்து சிங்கப்பூரில் பொதுமக்கள் ஆட இடம் இன்னும் சுருங்கிவிட்டது. ஜொகூர், பாத்தாம், பிந்தான் என்று ஆடிக்கொண்டிருந்த நம் ஆட்கள் சிலர் இப்போது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம்வரை கண் வைக்கிறார்கள். அங்கே மல்லன் என்ற சிற்றூருக்கு அருகே, புல் மூடிய மணற்குன்றுகளுக்கு நடுவே, சாண்ட் ஹில்ஸ் கோல்ஃப் கிளப் இருக்கிறது. பில் கூரும் பென் கிரென்ஷாவும் வடிவமைத்து 1995இல் திறக்கப்பட்ட திடல். குன்றுகளுக்கிடையே இயற்கையாகவே கோல்ஃப் குழிக்கு ஏற்றதாகக் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை வரைபடத்தில் குறித்துவைத்து, அவற்றில் 18ஐத் தேர்ந்தெடுத்தார்கள். மண்ணை வெட்டிக் குவிக்கும் வேலை மிகக் குறைவு. இன்றைய எளிமைவழித் திடல்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி.

முதல்முறை போகிறவர்கள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். கையுறையை மறப்பது, பந்து குறைவாகக் கொண்டுபோவது போன்றவை யாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

கிளப்புக்கு நேரே போன் போட்டு நேரம் கேட்பது

இது தனியார் கிளப். உறுப்பினர் அழைத்தால்தான் விருந்தினர். அழைத்தவரின் பெயரில்தான் உங்கள் நடத்தை எழுதப்படும். உங்களோடு கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். கட்டணம், பையைத் தூக்கி வழிகாட்டும் கேடிக்குக் கொடுக்கவேண்டிய பணம், கைப்பேசியில் படம் எடுக்கலாமா என்பது எல்லாவற்றையும் அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். அவர் முன்பணம் கட்டியிருந்தால் கிளம்புமுன் கணக்கை முடித்துவிடுங்கள்.

அழைக்க யாரும் இல்லையென்றால், அதே மணற்குன்று நாட்டில் வேலன்டைன் ஊருக்கு அருகே பிரெய்ரி கிளப் இருக்கிறது, தங்கி ஆடலாம். நெடுஞ்சாலை 80ஐ ஒட்டி காத்தன்பர்க்கில் இருக்கும் வைல்ட் ஹார்ஸ் எல்லோருக்கும் திறந்த திடல். இரண்டும் வெறும் ஆறுதல் பரிசு அல்ல. முதல்முறை போகிறவர் வைல்ட் ஹார்ஸில் ஒருநாள் ஆடிவிட்டு மல்லனுக்குப் போவதே நல்லது.

விசாவைக் கடைசியில் பார்ப்பது

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு எஸ்டா என்ற இணையவழி முன்னனுமதி போதும். இரண்டு ஆண்டு செல்லும். ஆனால் இடையில் கடப்பிதழைப் புதுப்பித்திருந்தால் பழைய எஸ்டா செல்லாது, புதிதாக எடுக்கவேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு எஸ்டா கிடையாது. பி1/பி2 என்ற வருகையாளர் விசாவுக்கு நேப்பியர் ரோட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் வேண்டும். நால்வர் குழுவில் ஒருவருக்கு விசா வராமல் மூவராகப் போவது இதனால்தான். தேதியைப் பேசுமுன் யார் எந்தக் கடப்பிதழ் என்று பாருங்கள்.

கொடியைப் பார்த்து அடிப்பது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இதுதான். பார்க்கப் பார்க்க எரிச்சல் வருவதும் இதுதான். பல ஆயிரம் வெள்ளி செலவழித்துப் போய், பதினெட்டுக் குழியிலும் இதையே செய்துவிட்டு, கொடி நிற்கும் புல்தரையைக் காட்டி “கிரீன் சரியில்லை” என்று சொல்லித் திரும்புகிறார்கள்.

நடப்பது இப்படி. கொடிக்கு 130 யார்டு. சிங்கப்பூர்ப் பழக்கத்தில் 9 அயர்ன் மட்டையை எடுத்து உயரமாக அடிக்கிறார். இங்கே என்றால் மழை ஊறிய தரையில், பந்து மெத்தையில் விழுந்த மாதிரி இரண்டடி தள்ளி நின்றுவிடும். அங்கே கொடிக்குப் பக்கத்தில் விழுந்த பந்து துள்ளி, கிரீனின் பின்விளிம்பைத் தாண்டி, சரிவில் இருபது யார்டு உருண்டு போகிறது. உடனே பந்தைத் தூக்கிப் போடும் மட்டையான 58 டிகிரி வெட்ஜை எடுக்கிறார். கீழே ஒட்ட வெட்டிய ஃபெஸ்க்யூ புல், அதற்கடியில் இறுகிய மணல். வெட்ஜின் அடிப்பாகம் தரையில் மோதி எகிற, அதன் கூரிய முன்விளிம்பு பந்தின் வயிற்றில் படுகிறது. பந்து கிரீனைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. நாலில் முடியவேண்டிய குழி ஏழில் முடிகிறது.

காரணம் மண். மணல் தண்ணீரைத் தேக்காது. மழை பெய்தாலும் சீக்கிரமே தரை இறுகிவிடும். அங்கே காற்று ஓயாது என்பதால் பந்து உருண்டு வரட்டும் என்றே பல கிரீன்களின் முன்வாசலைத் திறந்து விட்டிருக்கிறார்கள். ஃபேர்வே என்ற ஆடும் புல்பாதையும் மிக அகலம். அந்த அகலத்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எங்கே அடித்தாலும் சரி என்று அர்த்தமில்லை. ஒரு குழியில் இடப்பக்கத்திலிருந்து வந்தால் பந்தை உருட்டிவிடலாம். வலப்பக்கத்திலிருந்து வந்தால் பங்கர் என்ற மணற்குழியைத் தாண்டித் தூக்கித்தான் போடவேண்டும், அது நிற்காது. அடுத்த குழியில் இது தலைகீழாக இருக்கும். அதனால் முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நிற்கும்போதே கிரீனிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள்: பந்து எந்த வழியாக உருண்டு வரவேண்டும், அதற்கு எங்கே விழவேண்டும், அங்கே அடிக்க எந்தப் பக்கம் நிற்கவேண்டும். கேடி ஒரு புல்திட்டைக் காட்டி “அங்கே” என்றால் அங்கேயே அடியுங்கள். கொடி முப்பது யார்டு தள்ளி இருக்கிறதே என்று அவரோடு வாதாட வேண்டாம்.

கிரீனுக்கு வெளியிலிருந்து உருட்ட ஒரு பழைய கணக்கு உண்டு. 12இலிருந்து அயர்ன் எண்ணைக் கழியுங்கள். வருவதுதான் உருளும் பங்கு. 7 அயர்ன் என்றால் ஒரு பங்கு காற்றில், ஐந்து பங்கு தரையில். 9 அயர்னுக்கு மூன்று பங்கு. பிட்சிங் வெட்ஜை 10 என்று வைத்தால் இரண்டு. இது சமதரைக்கும் நடுத்தர வேகமுள்ள கிரீனுக்குமான கணக்கு. சரிவு இறங்கினால் குறைவாக உருளும் மட்டைக்குப் போங்கள், உதாரணமாக 7க்குப் பதில் 9. இருபது யார்டுக்கு உள்ளே, இடையில் தடை இல்லையென்றால், கிரீனில் உருட்டும் மட்டையான பட்டரே போதும்.

காற்றுக்கும் கணக்கு உண்டு: எதிர்க்காற்று மணிக்கு ஒரு மைல் என்றால் தூரத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூட்டிக்கொள்ளுங்கள். பின்காற்றுக்குப் பாதி விழுக்காடு கழித்தால் போதும். 20 மைல் எதிர்க்காற்றில் 150 யார்டு, 180 ஆகிவிடும். வழக்கத்தைவிட மூன்று எண்ணாவது தாழ்ந்த, கூடுதல் தூரம் போகும் மட்டையை எடுத்து மெதுவாக, தாழ்வாக அடியுங்கள். வேகமாக அடித்தால் பந்து அதிகம் சுழன்று மேலேறும். காற்று அதைப் பிடித்து நிறுத்திவிடும்.

இதற்கு இங்கேயே பழகவேண்டும். பயிற்சிக் கூடத்துப் பாயில் அடித்துப் பயனில்லை. பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் பாயில் மட்டை வழுக்கிப் போய்விடும், தவறு தெரியாது. உங்கள் கிளப்பின் பயிற்சி கிரீன் ஓரத்தில், இரண்டு நாள் மழையில்லாத காலை நேரத்தில், பந்து விழவேண்டிய இடத்தில் ஒரு கைத்துண்டை விரியுங்கள். 7, 9, பிட்சிங் வெட்ஜ் மூன்றிலும் பத்துப் பத்துப் பந்து. துண்டில் விழுந்த பந்து எத்தனை அடி உருண்டது என்று எழுதிவையுங்கள். கிளம்புமுன் இரண்டு மூன்று வாரமாவது இதைச் செய்யுங்கள். வெட்ஜையும் பாருங்கள்: ஈரத் தரைக்காக 12, 14 டிகிரி பவுன்ஸ் (அடிப்பாகத்தின் சாய்வு) உள்ளதை வாங்கியிருப்பீர்கள். இறுகிய மணலுக்கு 6 முதல் 8 டிகிரிதான் சரி.

ஏழாவது குழியில் டிரைவர்

283 யார்டு என்று அட்டையில் பார்த்ததும், நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுக்கக் கை துறுதுறுக்கும். கிரீனை ஒட்டிய ஆழமான பங்கரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உயரப் புல்லில் பந்து தேடுவது

மூன்று நிமிடம்தான் விதி. அங்கே பிரெய்ரி விரியன் என்ற கிலுகிலுப்பைப் பாம்பும் உண்ணியும் உண்டு. கையை விடாதீர்கள். பந்து தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால், அதற்குப் பதிலாக ஆட ஒரு தற்காலிகப் பந்தை டீயிலேயே அடித்துவிடுங்கள்.

முதல் டீக்கு நேரத்துக்கு வருவதாக நினைப்பது

கிளப் வீடு வேறு, முதல் டீ வேறு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மைல், பகி என்ற சிறு வண்டியில் போகவேண்டும். நம் ஊர் மாதிரி பத்து நிமிடத்துக்கு முன்னால் காலணி மாற்றினால் போதாது.

சாப்பாடு

மாட்டிறைச்சி நாடு. சைவம் என்றால் உறுப்பினர் வழியாக வாரக்கணக்கில் முன்பே சொல்லிவிடுங்கள். உடனடி உப்புமா, ஊறுகாய் கொண்டுபோகலாம். சுங்கப் படிவத்தில் அறிவியுங்கள். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், பறிமுதல் செய்வார்கள். காலணியில் மண் ஒட்டியிருந்தாலும் கேள்வி வரும். கழுவிக் காயவைத்துப் பையில் போடுங்கள்.

மணி

டென்வரில் இறங்கி காரில் போனால் ஒகலாலா வழியாகச் சுமார் ஐந்து மணி நேரம். அவசரப்படுகிறவர்கள் டென்வரிலிருந்து சிறு விமானத்தில் நார்த் பிளாட் போய், அங்கிருந்து நெடுஞ்சாலை 97இல் சுமார் 120 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். சிறு விமானத்தில் கோல்ஃப் பை அடுத்த பயணத்தில் வருவதும் நடக்கும். ஒருநாள் இடைவெளி விடுங்கள்.

மல்லனும் டென்வரும் மலைநேரம். நார்த் பிளாட் மத்தியநேரம், ஒரு மணி முன்னால். போகும்போது ஒரு மணி நேரம் லாபம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. திரும்பும்போதுதான் விமானம் தவறுகிறது: மல்லனில் காலை 10க்குக் கிளம்பினால் நார்த் பிளாட்டில் பகல் 12.20 ஆகியிருக்கும். இந்த நேர எல்லைக்கு அருகே கைப்பேசி மணியை நம்பாதீர்கள். சிக்னல் பல இடங்களில் இல்லை, வரைபடத்தையும் முன்பே இறக்கிவைக்கவேண்டும். பெட்ரோலை ஊரை விட்டுக் கிளம்புமுன் நிரப்புங்கள். அந்தி மங்கியபின் மான்கள் சாலைக்கு வரும் என்பதால் திரும்புவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.